கேட்டவர் பெயர் தெரியாமல் கைமாறும் கேள்வி

ஹனூர் வட்டாரத்துத் தமிழ் மக்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "இதைச் சொன்னது யார்?" என்ற கேள்விக்கு விடை வெளியே கசிந்துவிட்டால் அந்த ஆளின் கதி என்ன ஆகும் என்பதுதான் அது.

மாதேஸ்வர மலைக் காடுகளில் வீரப்பன் கோஷ்டி நடமாடிய காலத்தில் மக்களுக்கு இரண்டு பக்கமும் பயம் இருந்தது. போலீசுக்குத் துப்புக் கொடுத்ததாகச் சந்தேகம் வந்தால் கோஷ்டி விட்டு வைக்காது. காட்டுக்கு அரிசி, பருப்பு அனுப்பியதாகச் சந்தேகம் வந்தால் அதிரடிப் படை விட்டு வைக்காது. நடுவில் அகப்பட்டுத் தவித்தவர்கள் காட்டோர ஊர்களின் ஏழைத் தமிழர்களும் சோலிகர்களும் ஆவர்.

1992 மே மாதம் ராமாபுரம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டு ஐந்து போலீசார் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ம் தேதி, கிடைத்த துப்பை நம்பி மீண்யம் பக்கம் சென்ற மைசூர் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும், சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும், உடன் சென்ற போலீசாரும் பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுபக்கம், அதிரடிப் படையினரின் அத்துமீறல்கள் பற்றிய புகார்களை விசாரிக்க 1999-ல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007-ல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரை செய்தது.

2004 அக்டோபர் 18-ல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்தக் கதை முடிந்தது. ஆனால் அது கற்றுக் கொடுத்த பாடம் முடியவில்லை. ஒருவருக்கு விவரம் தெரியும் என்று நினைத்தால் அவரைப் பிடித்து அடித்துக் கேட்பார்கள். தெரிந்திருந்தால் என்றைக்காவது அவர் சொல்லிவிடுவார். தெரியாததை எவராலும் சொல்ல முடியாது. இந்தச் சாதாரண உண்மையின் மேல்தான் இன்று கம்ப்யூட்டர் உலகில் ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்து வருகிறது.

கேள்வியே ஆளைக் காட்டும்

ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை மறைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் புரியும். என்ன கேட்கிறார் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

ஹனூரில் ஒருவர் தம் செல்போனில் ஒரு நோயின் பெயரைத் தேடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அல்லது ஒரு பெண், கணவன் அடித்தால் எங்கே புகார் செய்வது என்று தேடுகிறாள். அல்லது ஒரு விவசாயி, தன் நிலத்துக்குப் பக்கத்தில் கல் உடைக்கிற குவாரிக்கு அனுமதி உண்டா என்று ஆவணம் தேடுகிறார். இவர்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வி இன்னாருடையது என்று தெரிந்தாலே போதும். நோயாளி யார், வீட்டை விட்டுப் போக நினைப்பவள் யார், குவாரிக்காரருக்கு எதிரி யார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி என்பது இம்மாநிலத்துக்குப் பெருமை. சட்டம் உரிமை தருகிறது. ஆனால் கேள்வி பயணம் செய்யும் பாதையிலேயே அந்த உரிமைக்குக் காவல் வேண்டும் அல்லவா?

கைமாற்று வலை

வழக்கமான இன்டர்நெட் சேவையில் நடுவே ஒரு தலைமை நிலையம் உண்டு. எல்லாக் கேள்வியும் அங்கே போகும். அங்கே எல்லாக் கேள்விக்கும் கணக்கு உண்டு. 1999-ல் பாட்டுகளைப் பரிமாறிக் கொள்ள வந்த நாப்ஸ்டர் என்ற ஏற்பாட்டில் பாட்டுகள் ஜனங்களின் கம்ப்யூட்டர்களில்தான் இருந்தன. ஆனால் பட்டியல் தலைமை நிலையத்தில் இருந்தது. கோர்ட்டு உத்தரவுக்குப் பின் 2001-ல் அது மூடப்பட்டது.

தலைமை நிலையமே இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் நேரடியாகக் கேட்டு வாங்கும் முறைக்கு "பியர்-டு-பியர்" என்று பெயர். பாங்கிக்குப் போகாமல் அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்குவது போன்றது என்பதால் கைமாற்று வலை எனலாம். நம்மிடம் இல்லாததைப் பக்கத்து வீட்டில் கேட்கிறோம். அவரிடம் இல்லாவிட்டால் அவர் தமக்குத் தெரிந்தவரிடம் கேட்கிறார். இப்படிக் கேள்வி கைமாறிப் போகும். கிடைத்த பொருள் அதே வழியில் திரும்பி வரும்.

பாங்கியில் கணக்கு இல்லை என்பதாலேயே ரகசியம் காக்கப்படும் என்று எண்ணுவது தவறு. கைமாற்று வாங்கியதை ஊரே பேசுவது உண்டு. 2001-ல் வந்த பிட்டாரன்ட் முறையில் ஒரே கோப்பை எடுப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் இன்டர்நெட் முகவரியைக் காணலாம். அதில் மறைவு என்பதே கிடையாது.

2002-ல் நியூயார்க் பல்கலைக் கழகத்தார் இருவர் வகுத்த கடெம்லியா என்ற முறை மிக வேகமானது. அதில் கேட்பவர் யாரையும் சொல்லி அனுப்புவதில்லை, தாமே ஒவ்வொரு கதவாகத் தட்டி, "பொருள் எவரிடம் இருக்கும்?" என்று விசாரித்துக் கொண்டு போவார். தட்டிய கதவுக்காரர்கள் அனைவருக்கும் அவர் முகம் தெரிந்துவிடும். ஆகவே, கேட்டவரை மறைக்க வேண்டுமானால் தானே போகக் கூடாது, சொல்லி அனுப்ப வேண்டும் என்பது முதல் விதி.

எண் காட்டிக் கொடுத்தது

சொல்லி அனுப்புவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கேள்வி முடிவில்லாமல் சுற்றிக் கொண்டே இருந்தால் வலை நிரம்பிவிடும். எனவே ஒவ்வொரு கேள்வியிலும் "இன்னும் எத்தனை கை மாறலாம்" என்று ஓர் எண் எழுதி அனுப்புவார்கள். கை மாறும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும்.

2000-ல் வந்த நுடெல்லா என்ற வலையில் இந்த எண் வழக்கமாக 7. கூடவே "இதுவரை எத்தனை கை மாறியது" என்று இன்னோர் எண்ணும் இருக்கும். பக்கத்திலிருப்பவர் அனுப்பிய கேள்வியில் முதல் எண் 7 என்றும் இரண்டாவது எண் பூஜ்யம் என்றும் இருந்தால் என்ன அர்த்தம்? கேள்வி அவரிடமிருந்தே புறப்பட்டது என்று அர்த்தம். பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு, அது எந்த ஸ்டேஷனில் ஏறியது என்பதைக் காட்டிக் கொடுப்பது போல.

எடின்பரோவில் படித்த அயன் கிளார்க் என்பவர் 1999-ல் வகுத்து, 2000-ல் வெளிவந்த ஃப்ரீநெட் என்ற வலையில் இதற்கு எளிய வைத்தியம் செய்தார்கள். கைமாறிய கணக்கைப் பூஜ்யத்தில் தொடங்காமல் குலுக்கிப் போட்டு வந்த ஒரு சிறு எண்ணில் தொடங்குவது. மீதமுள்ள எண் ஒன்றாகக் குறைந்தாலும் உடனே நிறுத்தாமல் சில சமயம் இன்னொரு கைக்குத் தள்ளிவிடுவது. இதனால் தொடக்கமும் முடிவும் எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் தமக்காகக் கேட்கிறாரா, வேறு யாருக்காகவோ கேட்கிறாரா என்பது கேட்கப்படுபவருக்குத் தெரியாது. மேலும், பொருள் திரும்பி வரும் வழியில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரு பிரதியை வைத்துக் கொள்ளும். ஆகவே பொருள் ஒருவரிடம் இருப்பதாலேயே அவர்தான் போட்டவர் என்றும் கூற முடியாது.

பூவா, தலையா?

1998-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மைக்கேல் ரைட்டரும் ஏவியல் ரூபினும் வெளியிட்ட முறைக்குக் "கூட்டம்" என்று பொருள்படும் பெயர். கேட்பவர் தம் கேள்வியைக் கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் கொடுப்பார். வாங்கியவர் காசைச் சுண்டுவார். பூ விழுந்தால் இன்னொருவரிடம் தள்ளுவார்; தலை விழுந்தால் கேள்வியை உரிய இடத்தில் சேர்ப்பார். எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. கொண்டுவந்து கொடுத்தவரைச் சந்தேகிக்கலாம். ஆனால் அவர் கேட்டவராக இருப்பதைவிட வெறும் தூதராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கூட்டத்தில் நேர்மையானவர்கள் போதிய அளவு இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

உறைக்குள் உறை

இதற்கெல்லாம் மூத்த யோசனை 1981-ல் டேவிட் சாம் என்பவர் வெளியிட்டது. கடிதத்தை ஓர் உறையில் போட்டு, அந்த உறையை இன்னோர் உறையில் போட்டு, அதையும் மற்றோர் உறையில் போட்டு அனுப்புவது. வெளி உறையைப் பிரிப்பவருக்கு அடுத்த ஆளின் விலாசம் மட்டுமே தெரியும். உள்ளே என்ன என்பது தெரியாது. வந்த கடிதங்களை வந்த வரிசையில் அனுப்பாமல், கொஞ்சம் சேர்த்து வைத்துக் கலைத்து அனுப்ப வேண்டும் என்றும் அவர் சொன்னார். அப்போதுதான் வாசலில் நின்று பார்ப்பவனால் எது உள்ளே போயிற்று, எது வெளியே வந்தது என்று பொருத்திப் பார்க்க முடியாது.

இதை வைத்து 1990-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில் வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்கான பாதை முறையை உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்ததே இன்று உலகெங்கும் புழங்கும் டார் என்ற வலை. இது முழுமையான கைமாற்று வலை அல்ல. தொண்டர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான நிலையங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்துக் கேள்வி போகிறது. முதல் நிலையத்துக்குக் கேட்டவர் யாரென்று தெரியும். எங்கே போகிறது என்று தெரியாது. கடைசி நிலையத்துக்குப் போகுமிடம் தெரியும், கேட்டவர் தெரியாது. நடு நிலையத்துக்கு இரண்டும் தெரியாது. மூவரில் எவரைப் பிடித்து உலுக்கினாலும் முழு விவரம் உதிராது.

ஓட்டை எங்கே?

இத்தனை கெட்டிக்காரத்தனத்துக்கும் ஓட்டைகள் உண்டு.

முதலாவது, கடைசிக் கை. 2007-ல் சுவீடன் நாட்டு இளைஞர் ஒருவர் டார் வலையில் கடைசி நிலையங்கள் சிலவற்றைத் தாமே நடத்தி, அவற்றின் வழியே போனதைப் படித்தார். பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் ரகசியச் சொற்கள் அவர் கையில் சிக்கின. அவற்றில் இந்தியத் தூதரகங்களின் கணக்குகளும் இருந்தன. யார் அனுப்பியது என்பதைத்தான் அந்த வலை மறைத்தது. உள்ளே இருந்ததை யாரும் பூட்டவில்லை. ஆள் தெரியாமல் இருப்பது வேறு, சங்கதி தெரியாமல் இருப்பது வேறு என்பதை அது உணர்த்தியது. இன்று பெரும்பாலான இணைய தளங்கள் சங்கதியைப் பூட்டியே அனுப்புவதால் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது.

இரண்டாவது, ஒரே ஆள் பல வேஷம் போடுவது. கூட்டத்தில் பத்துப் பேர் நின்றாலும் அதில் ஆறு பேர் ஒருவனுடைய ஆட்களாக இருந்தால் மறைவு ஏது? 2014 ஜனவரி முதல் ஜூலை வரை டார் வலையில் இப்படி 115 நிலையங்கள் கூட்டாக வேவு பார்த்தது கண்டுபிடிக்கப்பட்டு அவை நீக்கப்பட்டன.

மூன்றாவது, எண்ணிக்கை. ஃப்ரீநெட் வலையில் பெரிய கோப்புகள் துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி. பக்கத்திலிருப்பவர் ஒரே கோப்பின் மிகப் பல துண்டுகளைத் தொடர்ந்து கேட்டால், அவர் தூதராக இருக்க முடியாது, கேட்டவரேதான் என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம் என அமெரிக்கப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் காட்டினர். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைத் தேடுபவர்களைப் பிடிக்க இந்த வழி பயன்பட்டது.

நான்காவது, தனி ஆள். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஒரு மாணவர் பரீட்சையைத் தள்ளிப் போட டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். கடிதத்திலிருந்து அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பல்கலைக் கழக இணைப்பிலிருந்து டாரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள்; அகப்பட்டார். ஹனூர் போன்ற சிற்றூரில் ஒரே ஒருவர் முகமூடி போட்டு நடந்தால் அவர் யாரென்று ஊருக்கே தெரியும். முகமூடி பலிக்க வேண்டுமானால் திருவிழாக் கூட்டம் வேண்டும்.

சுமந்தவர் சிக்கினால்

இன்னொரு சங்கடம் இவ்வட்டாரத்தாருக்கு நன்றாகவே புரியும். கேட்டவர் மறைந்துவிட்டால் பழி யார் தலையில் விழும்? கொண்டு போய்க் கொடுத்தவர் தலையில்தான்.

2017 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியர் கைது செய்யப்பட்டார். கலவரத்தைத் தூண்டும் செய்திகள் அவருடைய வீட்டு இணைப்பிலிருந்து போயிருந்தன. அவர் டார் வலைக்குத் தம் வீட்டில் கடைசி நிலையம் நடத்தி வந்தவர். எழுதியவர் வேறு யாரோ. மாதக் கணக்கில் சிறையிலும் வீட்டுக் காவலிலும் இருந்த பின், 2018-ல் அவர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அரிசி மூட்டையை யாருக்கென்று அறியாமல் சுமந்தவன் அகப்பட்டுக் கொண்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு இது புதிதல்ல. "எனக்குத் தெரியாது" என்பது உண்மையாக இருந்தாலும், அதை நம்பும் அதிகாரியும் கோர்ட்டும் வேண்டும்.

போலீசாரின் நியாயம்

போலீசார் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ் அப்பில் வதந்தி கைமாறியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். பெங்களூர் சாமராஜப்பேட்டையில் பிழைக்க வந்த ஒரு ராஜஸ்தான் இளைஞர் கொல்லப்பட்டார். அந்தப் பொய்யை முதலில் அனுப்பியவன் யார் என்று கேட்க அரசாங்கத்துக்கு உரிமை இல்லையா?

சென்னை ஹைகோர்ட்டில் நடந்த வழக்கில் இதுவே பேசப்பட்டது. செய்தியோடு முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பினால் கண்டுபிடிக்கலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி 2019-ல் யோசனை சொன்னார். அந்த அடையாளத்தையே போலியாகச் செய்து நிரபராதியை மாட்டிவிட முடியும் என்று பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, முதலில் அனுப்பியவரைக் காட்டும் வசதி வேண்டும் என்று விதி செய்தது. அதை எதிர்த்து அதே ஆண்டு வாட்ஸ் அப் நிறுவனம் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் வி.பி.என். என்னும் மறைபாதை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் கருவிகளை அகற்றிக் கொண்டன.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வதந்தி பரப்பியவனைத் தேடுவதற்காக வைக்கும் சீட்டு, குவாரியைப் பற்றிக் கேட்ட விவசாயியின் கேள்வியிலும் ஒட்டிக் கொண்டிருக்கும். நல்லவனுக்கு ஒரு சீட்டு, கெட்டவனுக்கு ஒரு சீட்டு என்று கம்ப்யூட்டர் பிரித்து ஒட்டாது.

காகிதத்தில் நடந்த கதை

இது கம்ப்யூட்டருக்கு மட்டும் உரிய விவகாரம் என்று எண்ண வேண்டாம். சத்யேந்திர துபே என்ற இளம் எஞ்சினீயர், ஜார்க்கண்டில் தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த ஊழல்களைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக் கொண்டார். கடிதம் அலுவலகம் அலுவலகமாகக் கைமாறியது. பெயரும் கூடவே கைமாறியது. 2003 நவம்பர் 27-ல் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றே விசாரணை முடிந்து, 2010-ல் மூவர் தண்டிக்கப்பட்டனர். எனினும் ரகசியம் என்று எழுதிய கடிதத்தில் பெயர் ஊர்வலம் போனது நாட்டையே உலுக்கியது.

அதன் பின்னரே 2004-ல் மத்திய அரசு தீர்மானம் ஒன்று போட்டது. மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத் துறை நிறுவனங்கள் பற்றிய ஊழல் புகாரை ஒட்டிய உறையில் மத்திய விஜிலன்ஸ் கமிஷனுக்கு அனுப்பலாம். உறையின் மேல் இன்ன தீர்மானத்தின் கீழ் வரும் புகார் என்று எழுத வேண்டும். அனுப்புபவர் பெயரை எழுதக் கூடாது. பெயரும் விலாசமும் உள்ளே, புகாரின் தொடக்கத்திலோ முடிவிலோ அல்லது தனிக் காகிதத்திலோ இருக்க வேண்டும். கமிஷன் அந்தப் பெயரை நீக்கிவிட்டுத்தான் புகாரை விசாரணைக்கு அனுப்பும். டேவிட் சாம் 1981-ல் கம்ப்யூட்டருக்குச் சொன்ன உறைக்குள் உறை, 23 ஆண்டுகள் கழித்து நம் தபால் உறையிலும் வந்து சேர்ந்தது. ஒரு வித்தியாசம்: இங்கே கமிஷன் ஒன்றை நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

வாசகர் கவனத்துக்கு

ரகசியம் காப்பேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால் அது அவருடைய நல்ல குணத்தைப் பொறுத்தது. அடி, ஆசை, கோர்ட்டு உத்தரவு ஆகிய மூன்றில் ஒன்றுக்கு அது தோற்கக் கூடும். சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லாதபடி பாதையை அமைத்தால் வாக்கே தேவையில்லை. எனவே எந்தச் சேவையில் சேர்ந்தாலும், "நான் கேட்டது யாருக்கெல்லாம் தெரியும்? அவர்கள் கையில் அது எத்தனை நாள் எழுத்தில் இருக்கும்?" என்ற இரண்டையும் விசாரித்துக் கொள்வது நல்லது. உள்ளூரிலேயே ஒருவர் மட்டும் செய்யும் காரியம் எந்த வலையிலும் மறையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டார் ஒரு கேள்வியைக் கொண்டு வந்தால், "இது யாருக்காக?" என்று துருவாமல் தெரிந்ததைச் சொல்லி அனுப்பும் வழக்கம் மலையோரத்துப் பெரியவர்களிடம் இருந்தது. அதைப் பயத்தால் பழகிக் கொண்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பயமில்லாத காலத்திலும் அது நல்ல வழக்கமே.